குளிர்காலமே இல்லாத ஊரில் சளிக்காலம் எது? – கேள்வி பதில்

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சளி, இருமல், இழுப்பு பற்றிய கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவர் பதில் தருகிறார்.

கேள்வி: டாக்டர், நாங்கள் இருக்கும் இடத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்க 28 முதல் 33 டிகிரிதான். ஆனாலும் வருடத்தில் இரண்டு தடவை குழந்தைகளுக்குக் கொத்துக் கொத்தாகச் சளி பிடிக்கிறது. இதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் அதைத் தெர்மாமீட்டரில் தேடினால் கிடைக்காது, மழைமானியில் தேட வேண்டும். ஃப்ளூவின் பருவங்களை உலகம் முழுக்க ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. மாதச் சராசரி வெப்பநிலை 18–21 டிகிரிக்குக் கீழே இறங்கி, ஒரு கிலோ காற்றில் உள்ள நீராவி 11–12 கிராமுக்குக் குறைகிற இடங்களில், குளிரும் வறட்சியும் சேர்ந்த மாதங்களில்தான் ஃப்ளூ உச்சத்துக்குப் போகிறது. அந்த அளவுக்கு இறங்காத இடங்களில், மாதத்துக்கு 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும்போது உச்சம் வருகிறது. வெப்பமண்டலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான்.

ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இந்தியாவில் ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் ஜனவரி–மார்ச். டெல்லி, புனே, கொல்கத்தாவில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூன்–செப்டம்பர். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர்–நவம்பர். பிரேசிலில் பூமத்திய ரேகையை ஒட்டிய வடக்கில் வருடத்தின் முற்பாதி மழையில் கிளம்பும் அலை, தெற்கே ஜூன், ஜூலைக் குளிரில் போய் முடிகிறது. சிங்கப்பூரில் டிசம்பர்–ஜனவரியில் ஒன்று, மே–ஜூலையில் இன்னொன்று என இரண்டு உச்சங்கள். உங்கள் இடத்துக் கதையும் அநேகமாக இதுதான். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க உச்சம் தட்டையாகிப் பக்கவாட்டில் அகலும். இரண்டு உச்சங்களுக்கு நடுவே வைரஸ் முழுதாக ஒழிவதும் இல்லை.

கேள்வி: அப்படியானால் மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி சொல்வது சரிதானா?

பதில்: மாதத்தைச் சரியாகச் சொல்கிறார், காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார். நனைந்த தலையிலிருந்து வைரஸ் பிறக்காது. மழை எல்லோரையும் உள்ளே தள்ளுகிறது, ஜன்னலைச் சாத்த வைக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிரைக் குறைக்கிறது. 6 பேர் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. கினிப் பன்றிகளை வைத்து 2007, 2008-ல் செய்த ஃப்ளூ சோதனைகளில், 20 டிகிரியில் வறண்ட காற்றில் வைரஸ் காற்று வழியாக நன்றாகப் பரவியது. 30 டிகிரியில், ஈரப்பதம் எவ்வளவு இருந்தாலும், காற்று வழிப் பரவல் நின்றுவிட்டது. ஆனால் ஒரே கூண்டில் விட்ட விலங்குகளுக்கிடையே தொற்று 30 டிகிரியிலும் குறையவே இல்லை. அதாவது வெப்பம் வைரஸின் தூரப் பயணத்தைத் தடுக்கிறது, நெருக்கத்தைத் தடுப்பதில்லை. குழந்தைகள் வாழ்வதே நெருக்கத்தில்தானே: ஒரே பொம்மை, ஒரே மடி, மூக்கைத் துடைத்த அதே கை. இத்தோடு 22 டிகிரிக்கு வைத்த, வெளிக்காற்று நுழையாத ஏ.சி. அறையையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே வெப்பமண்டலம், உள்ளே ஒரு சின்னக் குளிர்காலம். ஏ.சி. போடக்கூடாது என்று சொல்லவில்லை. மணிக்கொரு தரம் கதவு ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள்.

கேள்வி: எந்த வைரஸ் எந்த மாதத்தில் வரும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

பதில்: மாதப் பட்டியல் தந்தால் பாதிப் பேருக்குத் தப்பாகிவிடும். குணத்தைச் சொல்கிறேன்.

சின்னக் குழந்தைகளுக்கு முக்கியமான எதிரி ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ். இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் ஒரு தடவையாவது இதைச் சந்தித்துவிடும். அதன்பின்னும் திரும்பத் திரும்ப வரும். வெப்பமண்டலத்தில் பல இடங்களில் மழைக்காலத்தை ஒட்டி ஏறுகிறது. ஆனால் குளிர்நாடுகளில் போலக் கூர்மையாக ஏறி, கூர்மையாக இறங்குவதில்லை. மாதக்கணக்கில் இழுக்கும். மூச்சுச் சிறுகுழாய் அழற்சி என்ற பிராங்கியோலைட்டிஸுக்கு முதல் காரணம் இதுதான்.

ரைனோ வைரஸ் 160-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்டது. வருடம் முழுக்க இருக்கும். மழையைவிடப் பள்ளிக்கூட நாட்காட்டிக்குத்தான் அதிகம் கட்டுப்படும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரத்தில் இழுப்பு உள்ள குழந்தைகள் வரிசையாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பாரா இன்ஃப்ளூயன்சாவில் 1, 2 வகைகள் நாய் குரைப்பது போன்ற க்ரூப் இருமலைத் தரும். 3-ம் வகை கைக்குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும். 2001-ல் நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட மெட்டா நிமோ வைரஸ், ஆர்.எஸ்.வி.யின் தம்பி மாதிரி, அறிகுறிகளும் அப்படியே. அடினோ வைரஸுக்குப் பருவம் என்று பெரிதாக இல்லை. கண் சிவந்து, 39 டிகிரிக் காய்ச்சல் 5 நாளுக்கு மேல் நீளும். பெற்றோரை மட்டுமில்லை, டாக்டர்களையும் பயமுறுத்தி ஆன்டிபயாடிக் எழுத வைப்பது இதுதான்.

ஒரு வைரஸ் பரவலாக ஓடும்போது இன்னொன்று ஒதுங்கி நிற்பதும் உண்டு. ரைனோ வைரஸ் தொற்றிய மூக்கில் உடல், வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து வைத்திருக்கும். பின்னால் வரும் ஃப்ளூவுக்குச் சில நாட்கள் கதவு சாத்திய மாதிரி.

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது என்கிறார்களே?

பதில்: ஆமாம், அதிலிருந்து ஒரு பாடமும் கிடைத்தது. 2020-ல் ஆர்.எஸ்.வி. பல நாடுகளில் காணாமலே போனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் வழக்கமான குளிர்காலத்தில் வராமல், அந்த வருடக் கடைசியில், அவர்களுடைய கோடையில் வந்து கொட்டியது. வானிலை மட்டும் போதாது, இதுவரை வைரஸைப் பார்க்காத குழந்தைகளும் போதுமான அளவில் சேர வேண்டும் என்பது அப்போது நன்றாகவே தெரிந்தது. அந்தக் கூட்டம் பெரிதாகிவிட்டால் பருவம் தவறியும் அலை வரும். பெரும்பாலான இடங்களில் இப்போது பழைய ஒழுங்கு திரும்பிக்கொண்டிருக்கிறது. ஃப்ளூவின் யமகாட்டா என்ற பி வகை மட்டும் மார்ச் 2020-க்குப் பிறகு தென்படவே இல்லை. அதனால்தான் நான்கு வகைத் தடுப்பூசி மறுபடி மூன்று வகையாகிறது. பழைய சரக்கைத் தருகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. காப்பகத்தில் சேர்த்த இந்த ஒரு வருடத்தில் 8 தடவை சளி. எதிர்ப்புச் சக்தி குறைவா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 சளி சாதாரணம். காப்பகத்துக்குப் போகும் முதல் வருடத்தில் 10, 12 கூட ஆகலாம். ஒரு சளி இருமலோடு சேர்த்து 12 நாள் என்றால், 8 தடவைக்கு 96 நாள். அதுவும் மழைக்கால நான்கைந்து மாதத்தில் நெருங்கி வருவதால், எப்போதும் சளி என்ற எண்ணம் வருவது இயல்பு. நடுவே சில நாட்களாவது மூக்கு காய்ந்து, குழந்தை ஓடியாடி, எடை ஏறுகிறதா? அப்படியானால் எதிர்ப்புச் சக்தி டானிக்குக்குச் செலவழிக்காதீர்கள். எடை ஏறாமல் நிற்பது, வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, காதில் தொடர்ந்து சீழ், மருந்து கொடுத்தும் வாயில் ஆறாத வெள்ளைப் படலம் – இவற்றில் ஒன்று இருந்தால் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: 4 மாதக் குழந்தை. 3 நாளாக மூக்கொழுகல், இன்று மூச்சு வேகமாக இருப்பதுபோல் தெரிகிறது. வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது ஓட வேண்டும்?

பதில்: இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக அல்லது தூக்கத்தில் இருக்கும்போது சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடுங்கள். வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தைப் பாருங்கள். மேலே எழும்பி இறங்கினால் ஒன்று. கடிகாரம் வைத்து முழு 60 வினாடியும் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கைக்குழந்தைகள் கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விட்டு, சில வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். வேகமான பகுதி மட்டும் உங்கள் 15 வினாடியில் மாட்டினால் 72 என்று வரும். நிறுத்தம் மாட்டினால் 36. காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும் என்பதால், காய்ச்சல் இறங்கியபின் இன்னொரு முறை எண்ணுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு: 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் மேலும். இதுதான் வேகமூச்சு. உங்கள் குழந்தைக்கு 54 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண்ணும்போதே கீழ் விலா எலும்புகளைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி வெளியே வராமல் உள்ளே குழிந்தால், அதுவும் அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் குழிந்தால், எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருத்துவமனை. அழும்போது மட்டும் குழிந்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், மூக்குத் துவாரம் விரிதல், உதடு நீலம் அல்லது சாம்பல் நிறம், மூச்சு நின்று நின்று வருதல், வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காமை, 12 மணி நேரம் சிறுநீர் போகாமை – எதற்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே போக வேண்டும். 2 மாதத்துக்குக் கீழே ஆர்.எஸ்.வி. சில சமயம் இருமலே இல்லாமல், மூச்சு நிற்பதாக மட்டும் காட்டிக்கொள்ளும்.

3-ம் நாள் என்கிறீர்கள், அதுவும் முக்கியம். பிராங்கியோலைட்டிஸ் 3 முதல் 5-ம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னது அன்றைக்குச் சரி. இன்றைக்கு அது செல்லாது. உச்சம் தாண்டியபின் மூச்சு சீராகும். இருமல் மட்டும் 2, 3 வாரம் இழுக்கும்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட, பெரியவர்களின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் விரலில் மாட்டி வரும் எண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எத்தனை மில்லி? ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறது.

பதில்: மில்லியில் யோசிப்பதுதான் சிக்கல். மில்லிகிராமில் யோசியுங்கள். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 8 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 120 மி.கி. இனி பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றிருந்தால் 5 மி.லி. 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றிருந்தால் 2.4 மி.லி. ஒரு மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மி.லி. மட்டும். போன தடவை 5 மில்லி கொடுத்தோமே என்று சொட்டு மருந்தில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்குக்கும் மேல். கல்லீரல் இதைப் பொறுக்காது. 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். தேக்கரண்டியில் அளக்காமல் ஊசியில்லா சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். 3 மாதத்துக்குக் கீழே டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் எந்தச் சளிக் காய்ச்சலுக்கும் கிடையாது.

கேள்வி: மழைக்காலத்தில்தான் டெங்குவும் வருகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: மூக்கொழுகலும் இருமலும் முன்னால் நின்றால் பெரும்பாலும் சுவாச வைரஸ். திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் சிவப்பு, மூக்கு மட்டும் காய்ந்தே இருக்கிறது என்றால் டெங்குவை நினையுங்கள். நூற்றுக்கு நூறு இல்லை. இரண்டும் ஒன்றாக வந்த குழந்தைகளும் உண்டு. நடைமுறையில் இரண்டு விதிகள் போதும். டெங்கு ஓடும் மாதங்களில் காய்ச்சலுக்கு இபுபுரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். ரத்தக் கசிவு அபாயம் இருக்கிறது. இரண்டாவது, சளியில் காய்ச்சல் இறங்கினால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் 3 முதல் 7-ம் நாள்தான் கண்டம். அப்போது கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு போதல் தெரிந்தால் உடனே கிளம்புங்கள். மலேரியா உள்ள பகுதியானால் எந்தக் காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

கேள்வி: நெபுலைசர், ஆன்டிபயாடிக், இருமல் சிரப், ஆவி – எது தேவை?

பதில்: முதல் தடவை பிராங்கியோலைட்டிஸ் வந்த கைக்குழந்தைக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் நெபுலைசர் பெரிதாக உதவாது; அங்கே குழாய் சுருங்கவில்லை, வீங்கிச் சளி அடைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப இழுப்பு வரும் பெரிய குழந்தைக்கு அதே மருந்து நன்றாக வேலை செய்யும். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறியது அதற்குக் காரணமாகாது. 10 நாளாகியும் கொஞ்சம்கூடக் குறையாதது, குறைந்து மறுபடி காய்ச்சலோடு ஏறியது – இவைதான் காரணம். இருமல் சிரப் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் அதைவிட மேல். ஒரு வயதுக்குக் கீழே தேனைத் தொடக்கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். ஆவி பிடிக்க வைத்துச் சுடுநீர் கொட்டி வெந்த குழந்தைகளைத்தான் தீக்காய வார்டில் பார்க்கிறோம்.

உண்மையில் வேலை செய்வது உப்புநீர்ச் சொட்டு. ஒவ்வொரு மூக்கிலும் 2 சொட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மெல்ல உறிஞ்சி எடுத்து, பிறகு பால் கொடுங்கள். கைக்குழந்தைக்கு மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. பாதிப் பிரச்சினை அதுதான். பாலைக் குறைந்த அளவில் அடிக்கடி கொடுங்கள். புழுக்கத்தில் போர்த்தி மூட்டை கட்டாதீர்கள்.

கேள்வி: ஃப்ளூ ஊசி எந்த மாதம் போடுவது? வட கோளம், தென் கோளம் என்று இரண்டு சொல்கிறார்களே?

பதில்: உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும் ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. வெப்பமண்டல நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியமில்லை. உங்கள் உச்சத்துக்கு முன்னால் கையில் கிடைக்கும் புதிய ஊசி எது என்பதே கேள்வி. உச்சம் ஜூலை–செப்டம்பர் என்றால் ஏப்ரல், மே மாதத்தில் தென் கோள ஊசி. உச்சம் டிசம்பர்–ஜனவரி என்றால் அக்டோபரில் வட கோள ஊசி. பிரேசிலில் வடக்குப் பகுதிக்கும் தெற்கின் தேதியிலேயே ஊசி போட்டு வந்தார்கள்; அது போய்ச் சேரும்போது அங்கே மழைக்கால அலை ஓய ஆரம்பித்திருக்கும். 2023-லிருந்து வடக்குக்கு வருடத்தின் பிற்பாதிக்கு மாற்றிவிட்டார்கள்.

6 மாதம் நிறைந்த பிறகுதான் ஊசி. முதல் தடவை போடும் குழந்தைக்கு 4 வார இடைவெளியில் 2 டோஸ், பலன் வர மேலும் 2 வாரம். ஆக, மழைக்கு 6 வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். முதல் டோஸோடு நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். ஆர்.எஸ்.வி.க்கு ஊசி வந்திருக்கிறதாமே?

பதில்: 2023 முதல் இருக்கிறது. தாய்க்குப் போட்டால், எதிர்ப்புப் புரதம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த முதல் சில மாதங்களைக் காக்கும். 28-வது வாரத்துக்குப் பிறகு என்கிறது உலக சுகாதார நிறுவனம்; சில நாடுகளில் 32–36 வாரம். இன்னொரு வழி, பிறந்த குழந்தைக்கே போடும் நிர்செவிமேப் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதம்: 5 கிலோவுக்குக் கீழே 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி., ஒரே ஊசி, சுமார் 5 மாதக் காப்பு. குளிர்நாடுகளில் பருவம் பார்த்துப் போடுகிறார்கள். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் ஆர்.எஸ்.வி. ஓடும் இடங்களில் மாதம் பார்த்துக் காத்திருப்பதில் லாபமில்லை. கர்ப்பகால வாரத்தை மட்டும் பார்த்து வருடம் முழுக்கப் போடுவதே என் கட்சி. உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். கூடவே ஃப்ளூ ஊசியும். 6 மாதத்துக்குக் கீழே குழந்தைக்கு வேறு வழியில்லை.

கேள்வி: 20 குழந்தைகள் உள்ள காப்பகம் நடத்துகிறேன். மழைக்காலத்தில் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காற்று. எதிரெதிர் சுவரில் ஒவ்வொரு ஜன்னலாவது ஒரு சாண் திறந்திருக்கட்டும். சாரல் அடித்தால் மேலே சாய்ப்பு போடுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் 800 பி.பி.எம்.மைத் தாண்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். வெளியே சுமார் 420 இருக்கும். கொசுவர்த்திச் சுருளின் புகை மூடிய அறையில் கூடாது, வலை கட்டுங்கள்.

அடுத்து கை. ஆல்கஹால் ஜெல் ஆர்.எஸ்.வி., ஃப்ளூவுக்குப் போதும். ரைனோ, அடினோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஜெல்லுக்கு அவ்வளவாக அடங்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 வினாடி. ஆர்.எஸ்.வி. வழவழப்பான மேசைமீது 6 மணி நேரம் வரை தாங்கும். 5 சதவீத பிளீச்சிங் திரவம் 20 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதம். பொம்மையை முதலில் சோப்பில் கழுவி, பிறகு இதில் 10 நிமிடம் ஊற வைத்து, அலசிக் காய வையுங்கள். அழுக்கோடு ஊற வைத்தால் குளோரின் அழுக்கோடே தீர்ந்துபோகும். நேற்றுக் கலந்தது வெப்பத்தில் வீரியம் இழந்திருக்கும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

காய்ச்சல் மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால் குழந்தை வரலாம். மூக்கு முழுக்கக் காயும்வரை வரக்கூடாது என்றால் காப்பகத்தையே மூட வேண்டியிருக்கும்.

கேள்வி: பல வைரஸ்களை ஒரே சமயத்தில் தேடும் பி.சி.ஆர். பேனல் சோதனையில் ரைனோ, போக்கா, அடினோ வைரஸ் மூன்றும் பாசிட்டிவ். மூன்றும் சேர்ந்து தாக்குகிறதா?

பதில்: அநேகமாக ஒன்றுதான் இன்றைய குற்றவாளி, மற்றவை பழைய தொற்றின் மிச்சம். ரைனோவின் மரபணுத் துணுக்கு வாரக்கணக்கில் மூக்கில் தங்கும். போக்கா இன்னும் அதிகம். ஆர்.எஸ்.வி., ஃப்ளூ, மெட்டா நிமோ பாசிட்டிவ் என்றால் மட்டும் பெரும்பாலும் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கிராமச் சுகாதாரப் பணியாளர் நான். எங்கள் பகுதியின் பருவத்தை நாங்களே கண்டுபிடிக்க முடியுமா? ஆய்வகம் கிடையாது.

பதில்: ஒரு நோட்டும் மூன்று வருடப் பொறுமையும் போதும். வாரத்துக்கு ஒரு வரி. 5 வயதுக்கு உட்பட்டு வந்த மொத்தக் குழந்தைகள் எத்தனை, அதில் இருமலோடு வேகமூச்சு உள்ளவர்கள் எத்தனை. இரண்டாவதை முதலாவதால் வகுத்துச் சதவீதமாக எழுதுங்கள். வெறும் எண்ணிக்கையை எழுதினால் திருவிழா வாரத்தில் யாருமே வராததை நோய் குறைந்ததாக நினைத்துவிடுவீர்கள். வரையறையை நடுவில் மாற்றாதீர்கள். ஒருவர் இருமலை எண்ணி, அடுத்தவர் காய்ச்சலை எண்ணினால் நோட்டு வீண். பக்கத்தில் அந்த வார மழை அளவு, பள்ளி திறந்த நாள், மூடிய நாள். 6 மாதத்துக்குக் கீழ், மேல் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்தால் இன்னும் நல்லது. இளைய பத்தி ஏறினால் ஆர்.எஸ்.வி.யை நினைக்கலாம். மூன்று மூன்று வாரமாகச் சராசரி எடுத்துக் கட்டத்தாளில் குறியுங்கள். மூன்று வருடக் கோடுகளும் ஒரே இடத்தில் மேடு கட்டினால் அதுதான் உங்கள் பருவம். அதற்கு 6 வாரம் முன்னால் ஃப்ளூ ஊசி, ஒரு மாதம் முன்னால் ஆக்சிஜன் சிலிண்டர், குழந்தைகளுக்கான மூக்குக் குழாய், ஆக்சிமீட்டரோடு இணைத்து மாட்டும் குழந்தை அளவு ப்ரோப் இருப்பைச் சரிபாருங்கள். மழை தொடங்கியபின் கேட்டால் எல்லா மையங்களும் ஒரே வாரத்தில் கேட்கும்.